பைலட் வேலை கேட்டுப் போனவர், உலகில் இல்லாத வேலையோடு திரும்பினார்: முதல் விமானப் பணிப்பெண் எலன் சர்ச் யார்?

பண்டமாரானில் விடியற்காலை நாலரை மணிக்கு ஒரு வீட்டில் விளக்கு எரிந்தால், யாரோ துறைமுக வேலைக்குக் கிளம்புகிறார்கள் என்று அர்த்தம். ஆனால் போன வருஷம் ஒருநாள் என் சித்தி வீட்டில் அந்த நேரத்துக்கு விளக்கு எரிந்தது வேறு காரணத்துக்காக. சித்தி மகளுக்கு அன்று விமானப் பணிப்பெண் வேலைக்கு நேர்முகத் தேர்வு. ஒரு முடிகூட வெளியே நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது என்று கொண்டை போட்டு, ஸ்பிரே அடித்து, பிடிக்காமல் அவிழ்த்து, மறுபடியும் போட்டு, எஸ்.பி.எம். சான்றிதழையும் முழு உருவப் படத்தையும் கோப்பில் எடுத்து வைத்து, கிள்ளான் நிலையத்தில் கொமுட்டர் பிடித்து சுபாங் ஜெயா போய்ச் சேர்ந்தாள். அதற்குள் வரிசையில் அவளுக்கு முன்னால் இருநூறு பேராவது நின்றிருந்தார்களாம்.

முதலில் உயரம் அளந்தார்கள். பிறகு நுனிக்காலில் நின்று கையை மேலே நீட்டச் சொன்னார்கள். எடை கேட்டார்கள். நடந்து காட்டச் சொன்னார்கள். வாய் திறந்து பேச வேண்டிய கட்டம் வந்தபோது மதியம் ஆகிவிட்டது. இரண்டாம் சுற்றோடு வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அன்று ராத்திரி சோறு சாப்பிட்டுக்கொண்டே அவள் கேட்ட கேள்விதான் இந்தக் கட்டுரைக்குக் காரணம். வயது, எடை, உயரம், திருமணம் ஆகிவிட்டதா இல்லையா என்று இந்த அளவுகோல்களையெல்லாம் முதன்முதலில் வைத்தது யார்? இந்த வேலைக்கு உலகத்தில் முதல் நேர்முகத் தேர்வு எழுதின பெண் யார்?

இதற்குப் பதில் இருக்கிறது. அவர் பெயர் எலன் சர்ச். இதில் வேடிக்கை என்னவென்றால், அவர் அந்த வேலையைக் கேட்டுப் போகவே இல்லை. அவர் கேட்டது பைலட் வேலை.

அயோவா பண்ணையிலிருந்து சான் பிரான்சிஸ்கோ வரை

எலன் சர்ச் 1904-ஆம் ஆண்டு செப்டம்பர் 22-ஆம் தேதி, அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் கிரெஸ்கோ என்ற சிறிய ஊருக்கு அருகே ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தார். ரைட் சகோதரர்கள் முதன்முதலாக விமானத்தைப் பறக்கவிட்டு அப்போது ஒரு வருஷம்கூட நிறைவடையவில்லை. அதாவது விமானமும் எலனும் ஏறக்குறைய ஒரே வயது.

அந்தக் காலத்தில் ஒரு விவசாயி வீட்டுப் பெண் படித்தால் ஆசிரியை ஆகலாம், இல்லையென்றால் தாதி ஆகலாம். எலன் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் தாதியர் படிப்பு படித்து 1926-இல் தேர்ச்சி பெற்றார். பிறகு சான் பிரான்சிஸ்கோவில் ஒரு மருத்துவமனையில் வேலை. ஓய்வு நேரத்தில் அவர் செய்ததுதான் நம் கதைக்கு முக்கியம். விமானம் ஓட்டக் கற்றுக்கொண்டார்.

இதை அலட்சியமாகக் கடந்துவிட வேண்டாம். 1920-களின் கடைசி அது. விமானத்தில் பயணியாக ஏறுவதற்கே ஆண்கள் யோசித்த காலம். அமெலியா இயர்ஹார்ட் மாதிரி விரல் விட்டு எண்ணக்கூடிய சில பெண்கள் சாகசத்துக்காகப் பறந்து பத்திரிகையில் இடம் பிடித்தார்கள். ஆனால் பயணிகள் விமானத்தை ஓட்ட, மாதச் சம்பளத்துக்கு ஒரு பெண்ணை வைத்துக்கொள்ள எந்த நிறுவனமும் தயாராக இல்லை. எலன் கேட்டது சாகசத்தை அல்ல, அந்த மாதச் சம்பள வேலையைத்தான்.

ஒரு அலுவலகம், ஒரு மேசை, இரண்டு பேர்

1930-ஆம் ஆண்டின் தொடக்கம். சான் பிரான்சிஸ்கோவில் போயிங் ஏர் டிரான்ஸ்போர்ட் நிறுவனத்தின் அலுவலகத்துக்குள் எலன் நுழைகிறார். இந்த நிறுவனம்தான் பிறகு யுனைடெட் ஏர்லைன்ஸின் பகுதியானது. அங்கே பொறுப்பில் இருந்தவர் ஸ்டீவ் ஸ்டிம்சன் என்ற மேலாளர்.

ஸ்டிம்சனுக்கு அப்போது ஒரு தலைவலி இருந்தது. விமானத்தில் பயணிகளைக் கவனிக்க ஆள் இல்லை. துணை பைலட்தான் அவ்வப்போது எழுந்து வந்து சாப்பாட்டுப் பெட்டியைக் கொடுத்துவிட்டுப் போவார். அவர் பின்னால் வந்து நிற்கிற நேரத்தில் முன்னால் ஒரே ஒருவர்தான் விமானத்தை ஓட்டிக்கொண்டிருப்பார். பயணிகளுக்கோ பயம், குமட்டல், வாந்தி. அதனால் பயணிகளைக் கவனிக்க ஆண்களை வேலைக்கு வைக்கலாம் என்ற யோசனை ஸ்டிம்சனிடம் ஏற்கெனவே இருந்தது. ஐரோப்பாவில் ஆண் பணியாளர்கள் அப்போதே இருந்தார்கள். உலகின் முதல் விமானப் பணியாளர் என்று சொல்லப்படுகிற ஹைன்ரிஷ் குபிஸ் என்ற ஜெர்மானியர், 1912-லேயே ஆகாயக் கப்பலில் உணவு பரிமாறியவர். 1937-இல் ஹிண்டன்பர்க் தீப்பிடித்து எரிந்தபோது அதிலும் அவர் பணியில் இருந்தார், உயிர் தப்பினார். அது தனிக் கதை.

எலன் பைலட் வேலை கேட்டார். கிடைக்காது என்பது உடனே தெரிந்துவிட்டது. பெரும்பாலானவர்கள் இந்த இடத்தில் நன்றி சொல்லிவிட்டு எழுந்து வந்திருப்பார்கள். எலன் எழவில்லை. பயணிகளைக் கவனிக்க ஆள் வேண்டுமென்றால் தாதியரை ஏன் வைக்கக் கூடாது என்று பேச்சைத் திருப்பினார்.

அவர் வைத்த வாதம் இரண்டு பக்கமும் கூர்மையானது. முதல் பக்கம் எளிது: பறக்கும்போது ஆட்களுக்கு உடம்பு சரியில்லாமல் போகிறது, தாதிக்கு அதைக் கவனிக்கத் தெரியும். இரண்டாவது பக்கம்தான் விவகாரமானது. ஓர் இளம்பெண் தைரியமாக தினமும் விமானத்தில் போய்வருகிறாள் என்றால், ஓர் ஆண் எப்படி எனக்குப் பயமாக இருக்கிறது என்று சொல்வான்? அந்த வெட்கத்துக்காகவாவது டிக்கெட் வாங்குவான்.

என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். முதல் வாதம் எலனின் படிப்பை விற்றது. இரண்டாவது வாதம் அவர் பெண் என்பதை விற்றது. அந்த வேலை கிடைக்க இரண்டும் தேவைப்பட்டிருக்கலாம். ஆனால் அடுத்த நாற்பது வருஷத்துக்கு விமான நிறுவனங்கள் முதல் வாதத்தை மெல்ல மறந்தன, இரண்டாவதை மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டன.

ஸ்டிம்சனுக்கு யோசனை பிடித்துவிட்டது. மேலிடத்துக்கு எழுதினார். முதலில் முடியாது என்று பதில் வந்தது. பிறகு மனம் மாறி, 3 மாதம் சோதனை முறையில் பார்க்கலாம் என்றார்கள். எலனையும் சேர்த்து 8 தாதியர். அவர்களைத் தேடிப் பிடிக்கிற பொறுப்பிலும் எலனுக்குப் பங்கு இருந்தது. வேலை கேட்டு வந்தவர் ஒரே மாதத்தில் மேசைக்கு அந்தப் பக்கம் போய் உட்கார்ந்துவிட்டார்!

குள்ளமாக இருந்தால்தான் வேலை

இப்போது சித்தி மகளின் கேள்விக்கு வருவோம். அந்த முதல் எட்டுப் பேருக்கு வைத்த நிபந்தனைகள் இவை: பதிவு பெற்ற தாதியாக இருக்க வேண்டும். திருமணம் ஆகியிருக்கக் கூடாது. வயது 25-ஐத் தாண்டக் கூடாது. எடை 115 பவுண்டுக்குள், அதாவது சுமார் 52 கிலோவுக்குள் இருக்க வேண்டும். உயரம் 5 அடி 4 அங்குலத்துக்கு மேல் போகக் கூடாது.

கடைசி நிபந்தனையைக் கவனித்தீர்களா? இன்று நேர்முகத் தேர்வில் உயரம் குறைவாக இருந்தால்தான் திருப்பி அனுப்புகிறார்கள். எமிரேட்ஸ் நிறுவனம் நுனிக்காலில் நின்று 212 சென்டிமீட்டர் எட்ட வேண்டும் என்கிறது, ஏனென்றால் தீயணைப்பான் போன்ற அவசர உபகரணங்கள் மேலே உள்ள பெட்டிகளில் இருக்கின்றன. 1930-இல் நிலைமை தலைகீழ். விமானத்தின் உட்புறம் குறுகல், கூரை தாழ்வு. உயரமானவர்கள் குனிந்துகொண்டே நடக்க வேண்டியிருக்கும். எடைக் கட்டுப்பாட்டுக்கும் அப்போது ஒரு நியாயம் இருந்தது. அந்தக் கால விமானத்தில் ஒவ்வொரு பவுண்டுக்கும் கணக்கு.

ஆக, சில விதிகள் விமானத்தைப் பார்த்து எழுதப்பட்டவை. விமானம் மாறியதும் அவையும் மாறின. உயர விதி அப்படியே புரண்டு படுத்தது. ஆனால் திருமணம் ஆகக் கூடாது என்ற விதிக்கும் விமானத்தின் கூரைக்கும் என்ன சம்பந்தம்? எந்தச் சம்பந்தமும் இல்லை. இப்படி விமானத்தைப் பார்க்காமல் பெண்ணைப் பார்த்து எழுதிய விதிகள்தான் ரொம்ப நாள் நின்றன. அதற்குப் பிறகு வருகிறேன். முதலில் அந்தப் பயணம்.

20 மணி நேரம், 13 நிறுத்தம்

1930 மே 15. சான் பிரான்சிஸ்கோவுக்கு அடுத்துள்ள ஓக்லண்டிலிருந்து சிக்காகோவுக்குப் புறப்பட்ட போயிங் 80ஏ விமானத்தில் எலன் சர்ச் பணிக்கு ஏறினார். 3 இயந்திரங்கள், மேலும் கீழுமாக இரண்டு அடுக்கு இறக்கை. பயணிகள் 14 பேர். சிக்காகோ போய்ச் சேர 20 மணி நேரம், இடையில் 13 இடங்களில் தரையிறங்கி ஏற வேண்டும். கோலாலம்பூரிலிருந்து லண்டனுக்கு இன்று நிற்காமல் சுமார் 14 மணி நேரத்தில் போய்விடுகிறோம். இவர்கள் அமெரிக்காவை முழுதாகக்கூடக் கடக்கவில்லை!

உள்ளே எப்படி இருந்திருக்கும்? காற்றழுத்தத்தைச் சீராக வைக்கிற வசதி பயணிகள் விமானத்துக்கு வந்ததே 1940-இல்தான். அதுவரை மேகத்துக்கு மேலே ஏறிப் போக முடியாது. மேகத்துக்குள்ளேயும் கீழேயும் குலுங்கிக்கொண்டேதான் போக வேண்டும். இயந்திரச் சத்தத்தில் பக்கத்தில் இருப்பவர் பேசுவதே கேட்காது. பெட்ரோல் வாடை வேறு. இந்தச் சூழ்நிலையில் பொரித்த கோழியும் பிளாஸ்கில் காப்பியும் பரிமாறினார்கள். சாப்பிட்டவர்கள் எத்தனை பேர் அதை உள்ளே வைத்துக்கொண்டார்கள் என்பது வேறு விஷயம்.

பரிமாறுவது வேலையில் ஒரு சின்னப் பங்குதான். மீதியைப் பாருங்கள். டிக்கெட் சரிபார்க்க வேண்டும். பெட்டி தூக்க வேண்டும். உள்ளே இருக்கிற கடிகாரத்துக்குச் சாவி கொடுக்க வேண்டும். ஈ அடிக்க வேண்டும். இருக்கைகள் ஆடினால் திருகாணியை முடுக்கித் தரையோடு இறுக்க வேண்டும். தேவைப்பட்டால் எண்ணெய் நிரப்பவும், விமானத்தைக் கொட்டகைக்குள் தள்ளவும் கை கொடுக்க வேண்டும். கழிவறைக்குப் போகிற பயணி தவறுதலாக வெளிக்கதவைத் திறந்துவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். இது நகைச்சுவை இல்லை, நிஜமாகவே வேலைப் பட்டியலில் இருந்தது. வானிலை மோசமாகி விமானம் நடுவழியில் நின்றுவிட்டால் பயணிகளை ரயிலேற்றி அனுப்ப வேண்டும். அதற்காக ரயில் அட்டவணை ஒன்றையும் கூடவே வைத்திருந்தார்கள்.

சீருடை பச்சை நிறக் கம்பளிக் கோட்டும் பாவாடையும், தோளில் போர்த்துகிற மேலங்கியும், தொப்பியும். மாதம் 100 மணி நேரம் பறக்க 125 டாலர் சம்பளம்.

விமானத்துக்குள் எல்லோரும் கைதட்டி வரவேற்கவில்லை. சில பைலட்டுகள் ஆரம்பத்தில் இவர்களிடம் முகம் கொடுத்தே பேசவில்லை. பைலட்டுகளின் மனைவியர் சிலர் இந்தப் பெண்களை எடுத்துவிடச் சொல்லி நிறுவனத்துக்குக் கடிதம் எழுதினார்கள். ஆனால் பயணிகளுக்குப் பிடித்துப்போனது. 3 மாதச் சோதனை முடிந்ததும் நிறுத்துகிற பேச்சே எழவில்லை. சில ஆண்டுகளுக்குள் மற்ற அமெரிக்க நிறுவனங்களும் இதே வழிக்கு வந்தன.

18 மாதம் மட்டும்

எலன் எவ்வளவு காலம் இந்த வேலையில் இருந்தார் என்று நினைக்கிறீர்கள்? ஒன்றரை வருஷம். ஒரு கார் விபத்தில் காயம்பட்டதால் பறப்பதை விட வேண்டியதாயிற்று. அவர் கண்டுபிடித்த வேலை அவரில்லாமல் தொடர்ந்தது.

அவர் போன பிறகு அந்த வேலைக்கு என்ன ஆனது என்பதைத்தான் இங்கே கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். இரண்டாம் உலகப் போர் வந்தது. தாதியர் எல்லோரும் போருக்குத் தேவைப்பட்டார்கள். அதனால் தாதிப் படிப்பு கட்டாயம் என்ற நிபந்தனையை விமான நிறுவனங்கள் கைவிட்டன. எலன் அந்த மேசையில் வைத்த முதல் வாதம் அத்தோடு போனது. இளமை, எடை, திருமணமாகாமை ஆகிய நிபந்தனைகளை மட்டும் யாரும் கைவிடவில்லை. போதாக்குறைக்கு, சில நிறுவனங்கள் 32 வயதிலேயே வேலையைவிட்டுப் போய்விட வேண்டும் என்ற விதியையும் சேர்த்தன.

ரூத் கரோல் டெய்லரின் கதை இதற்கு நல்ல உதாரணம். அவரும் எலனைப் போலவே தாதி. கறுப்பினப் பெண் என்பதால் கதவு மூடியே இருந்தது. அதை உடைத்து 1958 பிப்ரவரியில் மோஹாக் ஏர்லைன்ஸில் பறந்து, அமெரிக்காவின் முதல் கறுப்பின விமானப் பணிப்பெண் ஆனார். ஆனால் ஆறே மாதத்தில் வேலை போனது. நிறத்தைத் தாண்டியவரைத் திருமண விதி பிடித்துக்கொண்டது.

அமெரிக்காவில் 1964-இல் குடிமை உரிமைகள் சட்டம் வந்த பிறகு பணிப்பெண்கள் இந்த விதிகளை எதிர்த்து வழக்குப் போட்டார்கள். 1960-களின் இறுதியில்தான் திருமணத் தடை பெரிய நிறுவனங்களில் விழத் தொடங்கியது. இந்தியாவில் ஏர் இந்தியா பணிப்பெண்ணான நர்கேஷ் மீர்சா தொடுத்த வழக்கில் 1981-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது. முதல் கர்ப்பத்தோடு வேலை போய்விடும் என்ற விதி செல்லாது என்றது. ஆனால் வேலைக்குச் சேர்ந்து 4 வருஷத்துக்குள் கல்யாணம் செய்யக் கூடாது என்ற விதியை அதே தீர்ப்பு விட்டுவைத்தது.

நம் நாட்டில்?

இதெல்லாம் எங்கேயோ நடந்த பழங்கதை என்று நினைக்க வேண்டாம். 1991-இல் மலேசிய விமான நிறுவனத்தின் பணிப்பெண்ணான பியாட்ரிஸ் பெர்னாண்டஸ் கர்ப்பமானார். அவருடைய பிரிவில் உள்ள பணிப்பெண்கள் கர்ப்பமானால் ராஜினாமா செய்ய வேண்டும் என்று நிறுவனமும் தொழிற்சங்கமும் செய்துகொண்ட கூட்டு ஒப்பந்தத்தில் இருந்தது. தொழிற்சங்கமும் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தம் என்பதைக் கவனிக்கவும். அவர் ராஜினாமா செய்ய மறுத்தார். வேலையிலிருந்து நீக்கப்பட்டார். வழக்கு ஒவ்வொரு நீதிமன்றமாக ஏறி 2005-இல் கூட்டரசு நீதிமன்றத்தில் முடிந்தது. அவர் தோற்றார்.

இடையில் 2001-இல் கூட்டரசு அரசியலமைப்பின் 8(2) பிரிவில் திருத்தம் வந்து, பாலினத்தைக் காரணம் காட்டிப் பாகுபாடு கூடாது என்பது சேர்க்கப்பட்டிருந்தது. அது ஏன் அவருக்கு உதவவில்லை? அரசியலமைப்பு தரும் அந்தப் பாதுகாப்பு அரசுக்கும் பொது அதிகாரத்துக்கும் எதிராகத்தான், தனியார் இருவருக்கு இடையிலான ஒப்பந்தத்தில் அதைக் கொண்டுவர முடியாது, கூட்டு ஒப்பந்தம் சட்டமும் ஆகாது என்பது நீதிமன்றத்தின் விளக்கம். சட்டம் படிக்கிற மாணவர்கள் இன்றைக்கும் இந்த வழக்கை வைத்து வாதாடிக்கொண்டிருக்கிறார்கள்.

வேலைச் சட்டத்தில் 2022-இல் செய்து 2023 ஜனவரி 1 முதல் நடப்புக்கு வந்த திருத்தம் நிலைமையை ஓரளவு மாற்றியிருக்கிறது. தீபகற்ப மலேசியாவிலும் லாபுவானிலும் மகப்பேறு விடுப்பு 60 நாளிலிருந்து 98 நாளானது. கர்ப்பமாக இருப்பவரை வேலையிலிருந்து நீக்குவதற்கும் கடுமையான கட்டுப்பாடு வந்தது. ஒழுங்கு நடவடிக்கை, நிறுவனத்தை மூடுவது போன்ற சில காரணங்களுக்கு மட்டுமே விதிவிலக்கு.

எடையோ இன்னும் மேசையில் இருக்கிறது. 25 வருஷம் பறந்த ஒரு மலேசியப் பணிப்பெண், அனுமதிக்கப்பட்ட 61 கிலோவைவிட 700 கிராம் கூடுதலாக இருந்ததால் 2017-இல் வேலை இழந்தார். எடையைக் குறைக்க அவருக்குப் போதிய அவகாசம் கொடுக்கப்பட்டது என்று சொல்லி, 2020-இல் தொழில்துறை நீதிமன்றம் நிறுவனத்தின் பக்கம் தீர்ப்பளித்தது. 700 கிராம் என்றால் பாசார் மாலாமில் வாங்குகிற ரம்புத்தான் பை ஒன்றின் எடைகூட வராது. உடல் திறனோடு இருக்க வேண்டும் என்பதில் நியாயம் இல்லாமல் இல்லை. 90 விநாடிக்குள் விமானத்தைக் காலி செய்ய முடிய வேண்டும் என்பது விமானத்துக்கு அங்கீகாரம் தருவதற்கு முன் நடக்கிற சோதனை. அந்தக் கதவைத் திறந்து ஆட்களை வெளியே தள்ளுகிறவர் பணியாளர்தான். ஆனால் அந்தத் திறனை 700 கிராம் அளந்து சொல்லிவிடுமா என்பதுதான் கேள்வி.

மறுபடியும் தாதி, மறுபடியும் விமானம்

எலனைக் கார் விபத்தோடு விட்டுவிட்டு வந்தோம். அவர் உட்கார்ந்துவிடவில்லை. மின்னசோட்டா பல்கலைக்கழகத்துக்குத் திரும்பிப் போய்த் தாதியர் கல்வியில் இளங்கலைப் பட்டம் முடித்தார். 1936-இல் மில்வாக்கியில் ஒரு மருத்துவமனையின் குழந்தைகள் பிரிவுக்குப் பொறுப்பாளரானார். பத்திரிகைகளில் புன்னகைத்த பச்சைச் சீருடைப் பெண்ணை ஊர் மெல்ல மறந்தது.

அப்புறம் போர். எலன் அமெரிக்க ராணுவத்தின் தாதியர் படையில் சேர்ந்து கேப்டன் ஆனார். அங்கே அவருக்குக் கிடைத்த வேலை விமானத் தாதி. ஆப்பிரிக்கா, சிசிலி, இங்கிலாந்து, பிரான்ஸ் என்று போர்முனைகளிலிருந்து காயம்பட்ட வீரர்களை விமானத்தில் ஏற்றி, வழியெல்லாம் உயிரோடு வைத்திருந்து மருத்துவமனைக்குக் கொண்டுவந்து சேர்க்கிற வேலை. இதற்காக அவருக்கு ஏர் மெடல் விருது கிடைத்தது.

எனக்கு அவர் வாழ்க்கையில் மிகவும் பிடித்த பகுதி இதுதான். 1930-இல் ஸ்டிம்சனின் மேசையில் அவர் வைத்த முதல் வாதம் நினைவிருக்கிறதா? பறக்கிறவர்களுக்கு உடம்பு சரியில்லாமல் போனால் கவனிக்கத் தாதி வேண்டும் என்றாரே, அதன் முழு அர்த்தத்தில் அவர் அந்த வேலையைச் செய்தது பயணிகள் விமானத்தில் அல்ல, ராணுவ விமானத்தில்தான். அங்கே யாரும் அவரைப் பார்த்து வெட்கப்பட்டு டிக்கெட் வாங்க வேண்டியிருக்கவில்லை.

போருக்குப் பிறகு இண்டியானா மாநிலத்தின் டெரே ஹோட் என்ற ஊருக்குப் போய், அங்கே யூனியன் மருத்துவமனையில் தாதியர் பிரிவின் இயக்குநராகவும் பிறகு நிர்வாகியாகவும் இருந்தார். 1964-இல், 60 வயதைத் தொடுகிற நேரத்தில், அந்த ஊர் வங்கி ஒன்றின் தலைவரான லியோனார்ட் மார்ஷலைத் திருமணம் செய்துகொண்டார். திருமணமாகாதவராக இருக்க வேண்டும் என்று அவரிடம் கேட்டிருந்த வேலையை விட்டு அப்போது முப்பது வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. அதனால் அந்த விதிதான் அவரைத் தடுத்தது என்று சொல்ல முடியாது. ஆனால் அவர் மணக்கோலத்தில் நின்ற அதே ஆண்டிலும் அமெரிக்கப் பணிப்பெண்கள் பலர் மோதிரத்தைக் கழற்றிப் பையில் மறைத்துக்கொண்டு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார்கள்.

மறு ஆண்டு, 1965 ஆகஸ்ட் 22-ஆம் தேதி, குதிரையிலிருந்து விழுந்து எலன் இறந்தார். இத்தனை ஆயிரம் மைல் பறந்தவர்.

சித்தி மகளுக்கு இதையெல்லாம் சொன்னபோது அவள் பாதியில் நிறுத்தி ஒரே ஒரு விஷயம் கேட்டாள். எலன் கடைசியில் பைலட் ஆனாரா இல்லையா? இல்லை. அமெரிக்காவின் ஒரு பெரிய பயணிகள் விமான நிறுவனம் நிரந்தரமாக ஒரு பெண் பைலட்டை வேலைக்கு எடுத்ததே 1973-இல்தான். எலன் இறந்து அப்போது எட்டு வருஷம். அடுத்த மாதம் அவள் மறுபடியும் ஒரு நேர்முகத் தேர்வுக்குப் போகிறாள். எந்த வேலைக்கு என்று இன்னும் என்னிடம் சொல்லவில்லை.

கிரெஸ்கோவில் இப்போது ஒரு விமானத்தளம் இருக்கிறது. அதற்கு எலன் சர்ச் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள். தனியாருடைய சின்ன விமானங்கள் வந்து போகிற தளம் அது. அங்கே விமானப் பணிப்பெண்களுக்கு வேலை இல்லை, பைலட்டுகளுக்கு மட்டும்தான்.